வெர்னா க்ளைனின் ஒரே கேள்வி

பென்சில்வேனியாவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிற தாய்மார்கள் வருஷத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயப்பட வேண்டும். ஜூன் மாதம் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசி, அதன் கோப்பைப் புரட்டிப் பார்த்து, 'இந்தப் பிள்ளைக்குத் தகுந்த கல்வி நடைபெற்று வருகிறது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மதிப்பீட்டாளரே அந்த ஆள். எங்கள் மலைப்பக்கத்துத் தாய்மார்களுக்கு அந்தப் பயமும் கிடையாது. எங்களுக்கு வாய்த்த மதிப்பீட்டாளர் வெர்னா க்ளைன்.

வயது அறுபத்தெட்டு. கழுத்தில் மணிகோத்த சங்கிலியில் மூக்குக்கண்ணாடி தொங்கும். அதை மூக்கில் ஏற்றி யாரும் அதிகம் பார்த்ததில்லை. ஏற்றினால் எழுத்து தெரிந்துவிடும், எழுத்து தெரிந்தால் வேலை கெட்டுவிடும்.

ஒரு காலத்தில் வெர்னா நல்ல வாத்தியார். இருபத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தாள். எழுத்தே ஏறாத பிள்ளைகளைக்கூட கிறிஸ்துமஸுக்குள் தத்தித் தத்திப் படிக்க வைத்துவிடுவாள். அப்புறம் ஒரு நாள் புதிதாக வந்த தலைமையாசிரியர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து கடைசி பெஞ்சில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். போகும்போது ஒரு தாளைக் கொடுத்தார். பன்னிரண்டு கட்டத்தில் பதினொன்றில் 'நன்று', ஒன்றில் 'இன்னும் முன்னேறலாம்'. வெர்னாவுக்கு அந்தப் பதினொன்று கண்ணில் படவே இல்லை. என்னை எடை போட இவன் யார் என்று மூன்று மாதம் புகைந்தாள். ஜூன் மாதம் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

வந்தவள் செய்த வேலை என்ன? மதிப்பீட்டாளர் ஆனாள். தன்னை ஒருத்தர் நாற்பது நிமிஷம் உற்றுப் பார்த்ததைத் தாங்க முடியாதவள், ஊர்ப்பிள்ளைகளை நான்கு நிமிஷம்கூடப் பார்க்காமல் சான்று கொடுப்பது என்று கிளம்பினாள். திறமை இல்லாதவள் இப்படிச் செய்தால் பாவம் என்று விட்டுவிடலாம். இவளுக்குத் திறமை இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒவ்வொரு ஜூனிலும் மூன்று சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் அவளுக்கு மேஜை போடுவார்கள். வெள்ளிக்கிழமை பிங்கோ சீட்டு ஆடின அதே மேஜை. தாய்மார்கள் பிள்ளைகளோடும் தடித்த கோப்புகளோடும் மடக்கு நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தியும் ஏதாவது தின்பண்டம் கொண்டுவருவாள். வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட ஷூஃப்ளை பை, ஆப்பிள் வெண்ணெய், உப்பு பிஸ்கட். எல்லாம் ஒரு ஓரமாக அடுக்கியிருக்கும். கோப்புகளைவிட அதைத்தான் வெர்னா கவனமாகப் பார்ப்பாள்.

பிள்ளையை நேரில் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை கேள்வி என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே வெர்னா ஒரே கேள்வி கேட்பாள்.

"இந்த வருஷம் படிச்சதுல உனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம் எது கண்ணு?"

பத்தொன்பது வருஷமாக இதே கேள்விதான். ஊருக்கே தெரியும். ஜூன் முதல் வாரம் வந்ததும் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுத்து உருப்போட வைப்பார்கள். புத்தகத்தின் பேர், கதை இரண்டு வரி, எனக்கு ஏன் பிடித்தது என்பது ஒரு வரி. பிள்ளை ஒப்பிக்கும். வெர்னா தலையாட்டுவாள். கோப்பை ஒரு தட்டுத் தட்டி, கையெழுத்துப் போட்டு, அடுத்தவர்களைக் கூப்பிடுவாள்.

உண்மையிலேயே பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்துப் படிப்பிக்கிற தாய்மார்களும் இங்கே உண்டு. அவர்கள் பிள்ளைகள் கல்வி அதிகாரிக்கே பாடம் எடுக்கும். அவர்கள் வெர்னாவிடம் வருவதில்லை. இருபது மைல் தள்ளி ஒரு கறாரான கிழவர் இருக்கிறார், அவரிடம் போவார்கள். வெர்னாவிடம் வருகிறவர்கள் வெர்னாவுக்காகவே வருகிறவர்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி டேனா ஷெங்க். ஆட்டுப்பண்ணைக்காரி. வாய் திறந்தால் சுதந்திரம். 'என் பிள்ளை என்ன படிக்கணும்னு அரசாங்கம் சொல்லக் கூடாது' என்று எழுதின அட்டையைத் தூக்கிக்கொண்டு தலைநகரத்துக்கு வருஷத்தில் நாலு தடவை போய்வருவாள். போன இடத்தில் அவள் பேசினால் கைதட்டல் பறக்கும். பிள்ளையின் சுதந்திரத்துக்காக இத்தனை அலைந்தவளுக்குப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

டேனா வீட்டுப் பதிவேடு எழுதுகிற விதம் தனி. நூற்று எண்பது நாள் பாடம் நடந்ததற்கு நூற்று எண்பது கட்டம் நிரப்ப வேண்டும். ஜூன் முதல் வாரம் ஒரு மத்தியானம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து மொத்தத்தையும் நிரப்பிவிடுவாள். ஒரே மூச்சில் எழுதினது தெரிந்துவிடக் கூடாதே? அதனால் நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்று பேனாவை மாற்றி மாற்றிப் பிடிப்பாள். மார்ச் மாதப் பக்கத்தில் காப்பிக் கோப்பையை வைத்து எடுத்து ஒரு வட்டக் கறை பண்ணுவாள். இந்த வித்தையைக் கூட்டத்தில் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இங்கே வகுப்பே நடந்தது, அந்த ஒரு வகுப்பு மட்டும் ஒழுங்காக நடந்தது.

நடுவில் மூன்று வகுப்புகளில் ஒரு பரீட்சை உண்டு. அதைத் தாய் நடத்தக் கூடாது என்பதால் தாயின் சிநேகிதி நடத்துவாள். இத்தனை மார்க் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. கல்வி அதிகாரி கோப்பைப் பார்த்தாவது கண்டுபிடிப்பார் என்றால், கோப்பு அவர் கைக்கே போகாது. மதிப்பீட்டாளர் கடிதம் மட்டும்தான் போகும். சட்டம் முழுவதும் கடைசியில் வந்து நிற்கிற இடம் வெர்னாவின் பேனா முனை.

டேனாவின் பெரிய மகள் கெசியா. அவளுக்குப் பத்து வயதாயிருந்தபோது நடந்தது இது. அந்தச் சனிக்கிழமை அடுத்த குடும்பத்தின் வண்டி வழியில் நின்றுவிட்டது, வெர்னாவுக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. கெசியா பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பித்தாள். காணாமல் போன நாய் ஒன்று பனியில் மலையைத் தாண்டி வீட்டுக்கு வந்த கதை. அழகாகச் சொன்னாள். பொழுது போகாமல் வெர்னா கேட்டுவிட்டாள்.

"நல்லாயிருக்கே. அதுல உனக்குப் பிடிச்ச இடத்தை ஒரு பக்கம் படிச்சுக் காட்டேன்."

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். டேனா ஆப்பிள் வெண்ணெய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். கெசியா புத்தகத்தைப் பிரித்தாள். வரியில் விரலை வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்தி, நாய் பனியில் வந்ததை நிறுத்தாமல் படித்தாள். குரலில் ஏற்ற இறக்கம்கூட இருந்தது.

வெர்னா கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். புத்தகத்தைக் கையில் வாங்கினாள். அது ஆடுகளுக்கு வருகிற வயிற்று நோய்களைப் பற்றிய புத்தகம். நூலகத்தில் கழித்துப்போட்ட பழைய புத்தகங்களை டேனா வாங்கியிருந்தாள், நாய்க் கதைக்கும் இதற்கும் ஒரே பச்சை அட்டை. காலையில் அவசரத்தில் மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டாள். நாய் மலையேறி வந்த இடத்தில் ஒரு ஆட்டுக் குடலின் படம் இருந்தது.

இருபத்திரண்டு வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தவளுக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு எழுத்து தெரியாது. ஒரு கோடைக்காலம் பக்கத்தில் உட்கார வைத்தால் அவளாலேயே சரிபண்ணியிருக்க முடியும். வெர்னா நிமிர்ந்து டேனாவைப் பார்த்தாள். டேனா ஒருத்தி முகம் சுளித்தால் அந்தக் கூடத்தில் இருக்கிற இருபத்து மூன்று குடும்பமும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் வேறு மதிப்பீட்டாளரைத் தேடிக்கொள்ளும். அப்புறம் ஜூன் மாதத்துச் சனிக்கிழமையில் யார் இவளுக்கு மேஜை போடுவார்கள், யார் ஷூஃப்ளை பை கொண்டுவருவார்கள், யார் 'மிசஸ் க்ளைன்' என்று எழுந்து நிற்பார்கள்?

புத்தகத்தை மூடிப் பிள்ளை கையில் கொடுத்தாள்.

"ரொம்ப நல்லாப் படிச்சே கண்ணு."

கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம் ஏழு வருஷம் போட்டாள். த்தூ.

கெசியாவுக்கு இப்போது பதினெட்டு. போன மே மாதம் ஒரு நாள் சாயங்காலம் வெர்னா வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"முதியோர் இல்லத்துல வேலை கேட்டுப் போனேன், மிசஸ் க்ளைன். ஃபாரம் குடுத்தாங்க. கண்ணு வலிக்குது, வீட்டுல எழுதிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். திரும்பிப் போகலை."

"அட பாவமே."

"வீட்டை விட்டு வந்து சித்திகூட இருக்கேன். நூலகத்துல பெரியவங்களுக்கு எழுத்துச் சொல்லித் தர்றாங்க. எட்டு மாசமாப் போறேன். அம்மாவுக்குத் தெரியாது."

"நல்ல விஷயம்தானே. எனக்குச் சந்தோஷம்."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"என்னைக்கு?"

"ஆட்டுப் புத்தகம்."

"எனக்கு ஞாபகம் இல்லையேம்மா. எத்தனை பிள்ளைங்க, எத்தனை வருஷம்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கு. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தீங்க. வேற எப்பவும் நீங்க கண்ணாடி போட்டு நான் பார்த்ததில்லை. அன்னைக்கு ராத்திரி எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? மாட்டிக்கிட்டோம், இனிமே யாராவது சொல்லிக் குடுப்பாங்கன்னு நினைச்சேன்."

வெர்னா சங்கிலியில் தொங்கின கண்ணாடியைத் துடைத்தாள்.

"நான் அதுக்காக வரலை," என்றாள் கெசியா. "தங்கச்சி டெஸ்ஸுக்கு ஒன்பது வயசு ஆயிருச்சு. அவளுக்கும் தெரியாது. அம்மா என்னை அவ பக்கத்துலயே விட மாட்டேங்கறாங்க, நான் அவ மனசைக் கலைச்சுருவேனாம். ஜூன்ல உங்ககிட்டதான் வருவா. ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்க. வராதுன்னா வரலைன்னு எழுதுங்க. அது போதும்."

"பார்க்கலாம்மா."

"பார்க்கலாம்னா?"

"பார்க்கலாம்னா பார்க்கலாம். இதெல்லாம் அவ்வளவு சுலபமில்லை. எழுதினா அதிகாரி வரைக்கும் போகும். உங்கம்மாவுக்குச் சங்கடம்."

"டெஸ்ஸுக்கு?"

கெசியா எழுந்து போய்விட்டாள்.

உள்ளே வெர்னாவின் புருஷன் ஏர்ல் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தான். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஜன்னல் வழியாக எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது.

"ஒரு ரப்பர் ஸ்டாம்பு பண்ணி வச்சுக்க வெர்னா," என்றான். "கை வலியாவது மிச்சம்."

"உனக்கு என்ன தெரியும்? இத்தனை குடும்பம் என்னை நம்பியிருக்கு."

"அதைத்தான் அந்தப் பொண்ணும் சொல்லிட்டுப் போகுது."

"நான் ஒருத்தி எழுதாட்டி டேனா போனை எடுத்து வேற ஆளைப் பிடிச்சிருவா. போன்லயே கையெழுத்துப் போடறவங்க இருக்காங்க. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் மாறப் போறதில்லை."

"அப்ப பயமில்லாம எழுதலாமே. உன்னால ஒண்ணும் மாறப் போறதில்லைன்னா டேனா ஏன் கோவிச்சுக்கப் போறா?"

வெர்னா அவனுக்கு இரண்டு நாள் காப்பி போட்டுக் கொடுக்கவில்லை. நியாயம் பேசினவனுக்கு அந்த வீட்டில் அதுதான் தண்டனை.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை. கூடத்தில் பன்னிரண்டு குடும்பம். டேனா வழக்கம்போல முதல் ஆளாக டெஸ்ஸோடு வந்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஷூஃப்ளை பை இரண்டு. பதிவேட்டில் பச்சை, நீலம், கறுப்பு. காப்பிக் கறை இந்த வருஷம் பிப்ரவரியில் இருந்தது.

கெசியா பின்வாசல் வழியாக வந்து சுவரோரமாக நின்றாள். டேனா ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பொது இடத்தில் மகளை விரட்ட முடியாது, மூன்று பேர் படம் பிடிக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"சொல்லு டெஸ்," என்றாள் வெர்னா. "இந்த வருஷம் படிச்சதுல உனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம் எது கண்ணு?"

டெஸ் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒப்பித்தாள். நாய் காணாமல் போனது, பனி பெய்தது, மலையைத் தாண்டி வீட்டுக்கு வந்தது, நாய் நன்றியுள்ளது என்பதால் எனக்குப் பிடித்தது. அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்ததையே தங்கைக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள் டேனா. பதிலைக்கூடப் புதிதாகப் பண்ணப் பொறுமையில்லை அந்த மகராசிக்கு.

இந்தத் தடவை பச்சைப் புத்தகம் சரியான புத்தகம்தான். மேஜைமேல் இருந்தது. வெர்னா கையை நீட்டினாள். அட்டையைத் தொட்டாள். சுவரோரம் நின்ற கெசியா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"பின்னாடி பதினொரு குடும்பம் காத்திருக்கு வெர்னா," என்றாள் டேனா, தணிந்த குரலில். "உங்களை நம்பித்தான் எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கேன்."

வெர்னாவின் கை புத்தகத்திலிருந்து நழுவிப் பேனாவுக்குப் போனது. கடிதத்தை வீட்டிலேயே தட்டச்சுச் செய்து எடுத்து வந்திருந்தாள். பேர் எழுதுகிற இடத்தில் பேர் ஏற்கெனவே இருந்தது. மே மாதம் 'பார்க்கலாம்' என்று சொன்னவள் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுதிக்கொண்டு வந்த கடிதம் அது. கீழே ஒரு கோணல் கிறுக்கல் கிறுக்கினாள்.

டேனா எடுப்பதற்குள் கெசியா வந்து கடிதத்தை எடுத்துக்கொண்டாள்.

"குடுடி அதை," என்றாள் டேனா.

"குடுக்கறேம்மா. படிச்சுட்டுக் குடுக்கறேன்."

டேனா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அந்தக் கூடத்தில் மூன்று பேருக்குத் தெரியும்.

கெசியா கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு மேஜைமேல் வைத்து, முதல் வார்த்தைக்குக் கீழே விரலை வைத்தாள். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தாள்.

"டெஸ்... ஷெங்க்... என்ற... மா...ண...விக்குத்... த...கு... தகுந்த... கல்வி..."

பிங்கோ கூடத்தில் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. யாரோ ஷூஃப்ளை பை வெட்டிக்கொண்டிருந்தார்கள், அதையும் நிறுத்தினார்கள். கெசியாவுக்கு நெற்றியில் வேர்த்தது. ஒரு வார்த்தைக்கு மூன்று தடவை முட்டினாள், விடவில்லை.

"நடை...பெற்று... வரு...கிறது... என்று... இ...தன்... மூலம்... சா...ன்... சான்ற...ளிக்...கிறேன்."

விரல் கீழே இறங்கிக் கிறுக்கலில் வந்து நின்றது. குனிந்து பார்த்தாள். இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது மட்டும் வரலை, மிசஸ் க்ளைன். இது என்ன வார்த்தை?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"அது..." என்றாள் வெர்னா. "அது என் பேரு."

"சரி," என்றாள் கெசியா. கடிதத்தை மடித்தாள். "இதை நானே அதிகாரி ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுக்கறேன். அங்கேயும் ஒரு தடவை படிச்சுக் காட்டறேன். டெஸ்ஸை மறுபடி உட்கார வச்சுப் பார்க்கணும்னு கேட்க அவருக்கு அதிகாரம் இருக்காம். நூலகத்துல படிச்சேன்."

டேனா எழுந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டெஸ் நாற்காலியை விட்டு இறங்கி வந்து அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அம்மா இருப்பது, வெர்னா இருப்பது, பதினொரு குடும்பம் உட்கார்ந்திருப்பது எதுவும் அந்தப் பிள்ளைக்குக் கண்ணில் படவில்லை. அவள் கண் அக்காவின் விரலிலேயே இருந்தது.

"அக்கா, உனக்குப் படிக்கத் தெரியுமா? எப்படிக்கா? எனக்கும் சொல்லித் தர்றியா?"

வெர்னா பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள். பக்கத்தில் அடுக்கியிருந்த கடிதங்களை, எல்லாம் பேர் போட்டுத் தயாராக இருந்த பதினொரு கடிதங்களை, நேராக்கினாள்.

"அடுத்தவங்க வாங்க," என்றாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை.